பள்ளியும் பாதுகாவலரும்: 1999 தீர்ப்பு

1956ஆம் ஆண்டின் இந்து மைனர், பாதுகாவலர் சட்டம் தந்தையையும், 'அவருக்குப் பின்' தாயையும் குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. பெற்றோர் பிரியும்போது இச்சொல் பள்ளியையும் சிக்கலில் ஆழ்த்தியது. கீதா ஹரிஹரன் வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கில், விவாகரத்து நிலுவையிலிருந்த தாய் ஒருவர் முறையிட்டார். தாமே ஒரே பாதுகாவலர் என்றும், தம் அனுமதியின்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றும் தந்தை மகனின் பள்ளிக்கு எழுதிவருகிறார் என்பது அவரது புகார்.

1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், 'பின்' என்பது இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை குழந்தையைக் கவனிக்காமல் விலகியிருக்கும் நிலையையும் குறிக்கும் என்றது. அத்தகைய நிலையில் தந்தை உயிருடன் இருக்கும்போதே தாய் பாதுகாவலராகச் செயல்படலாம். சட்டத்தின் சொற்கள் மாறவில்லை, பொருள்தான் விரிந்தது. எனினும், குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றமே, பள்ளி அன்று.