விமானி அறையில் வானிலைப் படம்: திரையில் தெரிவது எப்போதைய மழை?

2011ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பிரையன் நகருக்கு அருகே, பைப்பர் ரகச் சிறுவிமானம் ஒன்று மழை மேகங்களிடையே சிக்கி வானிலேயே உடைந்து விழுந்தது. அதில் பயணித்த ஐவரும் உயிரிழந்தனர். செயற்கைக்கோள் வழியாக மழைப் படங்களைப் பெறும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. ஆனால் அது காட்டிய படம் சில நிமிடங்கள் பழையது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் விமானிகளுக்கு விடுத்த எச்சரிக்கையில் இந்த விபத்தையும் எடுத்துக்காட்டியது.

சிறுவிமானங்களுக்கு வந்த வசதி

பெரிய பயணிகள் விமானங்களின் மூக்குப் பகுதியில் ராடார் உண்டு. ஒற்றை எஞ்சின் கொண்ட பெரும்பாலான சிறுவிமானங்களில் அந்த இடத்தில் எஞ்சினும் சுழல்விசிறியும் இருப்பதாலும், செலவும் எடையும் அதிகம் என்பதாலும், ராடார் பொருத்தப்படுவதில்லை. இந்தக் குறையை, 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலி மூலம் வந்த கட்டண வானிலைச் சேவை பெருமளவு நிரப்பியது. கையடக்கக் கருவியிலேயே பல நூறு மைல் தொலைவிலுள்ள மழையைக் காண முடிந்தது.

தாமதம் எங்கே?

படத்தை எடுப்பது செயற்கைக்கோள் அல்ல. அமெரிக்கா முழுவதும் தரையில் நிறுவப்பட்டுள்ள சுமார் 160 நெக்ஸ்ராட் ராடார்களே மழையை அளக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு ராடார் வானத்தைப் பல கோணங்களில் ஒருமுறை அலசி முடிக்கவே ஏறத்தாழ 5 நிமிடங்கள் ஆகும். பல ராடார்களின் தரவுகள் பின்னர் ஒரே படமாக இணைக்கப்பட்டு, செயற்கைக்கோளுக்கு அனுப்பப்பட்டு, விமானத்தை வந்தடைகின்றன.

திரையில் "1 நிமிடம்" என்று காட்டப்படுவது, படம் இணைக்கப்பட்டதிலிருந்து கழிந்த நேரத்தை மட்டுமே. மழை அளக்கப்பட்ட நேரம் அதற்கும் முந்தையது. மிக மோசமான சூழலில் இந்த வேறுபாடு 15 முதல் 20 நிமிடங்களையும் தாண்டலாம் என்று வாரியம் எச்சரித்தது.

மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் செல்லும் விமானம், 20 நிமிடங்களில் 40 கடல் மைல் கடந்துவிடும். அதற்குள் இடிமழை மேகமும் நகர்ந்திருக்கும். இல்லாத இடத்தில் புதிய மேகம் வளர்ந்திருக்கவும் கூடும். திரையில் இரு செந்நிறத் திட்டுகளுக்கு இடையே தெரியும் வழி, விமானம் அங்கு சென்று சேரும்போது மூடியிருக்கலாம்.

2010ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் அருகே மருத்துவ ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து மூவர் இறந்த விபத்தும் இத்தகையதே. கடும் மழை தரையிறங்கும் தளத்திலிருந்து சுமார் 7 மைல் தொலைவில் இருப்பதாகப் படம் காட்டியது. அது சுமார் 5 நிமிடங்கள் பழைய நிலவரம்.

எதற்குப் பயன்படும்?

தற்போது அமெரிக்காவில் தரை நிலையங்கள் வழியாக இலவசமாகவும் வானிலைத் தகவல் ஒலிபரப்பப்படுகிறது. அதற்கும் ஆதாரம் இதே ராடார்கள்தான். எனவே தாமதமும் தொடர்கிறது.

இதனால் இச்சேவை பயனற்றது என்று பொருளல்ல. தொலைவிலேயே பாதையை மாற்றவோ, மாற்று விமான நிலையத்தில் இறங்கவோ, புறப்படுவதைத் தள்ளிப்போடவோ முடிவெடுக்க இது பெரிதும் உதவுகிறது. கடுமையான இடிமழை மேகங்களிலிருந்து குறைந்தது 20 மைல் விலகிச் செல்லுமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். மேகங்களைச் சுற்றிச் செல்ல இப்படம் உதவும். அவற்றின் நடுவே வழி தேடுவதற்கு இதை நம்ப முடியாது.