கடல் கடந்து வந்த சொம்பு

அடி அண்ணாமலையில் எங்கள் பாட்டி வீட்டு அடுக்களையில் ஓர் ஈயச் சொம்பு இருந்தது. குறுகின கழுத்து, பருத்த வயிறு, உடம்பெல்லாம் சுத்தியல் தடம். ரசம் வைக்க மட்டும்தான் பரணிலிருந்து இறங்கும். புளித்தண்ணீர் ஊற்றாமல் அதை அடுப்பில் ஏற்றவே மாட்டாள் பாட்டி. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறையொட்டியே நிற்கும். தணலில் வைத்து, நுரை கூடியதும் இறக்குவாள். அந்த வாசனை கிரிவலப் பாதைவரை போகும்.

தமிழ்நாட்டில் வெள்ளீயச் சுரங்கம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகுக்கே வெள்ளீயம் கொடுத்தது மலாயா. அதிலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு. சீனத் தொழிலாளர்கள் மண்ணைக் கழுவிக் கழுவி எடுத்த தாது, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் ஏறி மலாயாத் தோட்டக்காட்டுக்குப் போனதும் அதே கடல்வழியில்தான்.

இங்கிலாந்திலும் இதே உலோகம்தான் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கார்ன்வால் வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பு சேர்த்து, அச்சில் வார்த்துக் கடைந்த தட்டும் குவளையும் பியூட்டர் எனப்பட்டன. மலிவுச் சரக்கில் காரீயமும் கலந்தார்கள். லண்டன் பியூட்டர்காரர் சங்கம் 1474இல் அரச சாசனம் பெற்றது. கடைகளில் நுழைந்து மட்டச் சரக்கைப் பறிமுதல் செய்யும் உரிமை அதற்கு இருந்தது. செய்தவர் தம் முத்திரையைப் பாத்திரத்திலும் சங்கத்தின் தகட்டிலும் அடிக்க வேண்டியிருந்தது. 1666 லண்டன் பெருந்தீக்கு முந்தைய தகடுகள் அந்தத் தீயோடு போயின.

எங்கள் சொம்பும் தீயில்தான் போனது. சித்தி ஒருநாள் மறந்து காலியாக ஏற்றிவிட்டாள். சாம்பலில் சிதறிய வெள்ளித் துளிகளைப் பொறுக்கிக் கடையில் எடைக்குப் போட்டுப் புதுச் சொம்பு வாங்கினோம். அதைத் தாளில் தேய்த்தபோது பென்சில் கிழித்தாற்போலக் கறுப்புக் கோடு விழுந்தது. காரீயக் கலப்பு! புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாகிப்போனது நமக்குப் பெரிய கேடு.

வாங்கும்போது வெள்ளீயமா என்று கேளுங்கள், சோதனைச் சான்றும் கேளுங்கள். வீட்டிலிருப்பதைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அதில் ரசம் வைக்காதீர்கள்.