ஜான்ஸ் தீவின் இரவு வகுப்பு

'கைநாட்டு' என்பது நம் ஊரில் ஒரு வசவு. படிக்கவிடாமல் தடுத்தவர்களே படிக்காதவரைப் பார்த்துச் சிரிக்கும் வசவு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் அந்தச் சிரிப்பு சட்டமாகவே இருந்தது. வாக்காளராகப் பதிய வேண்டுமா? மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்டு. இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்தைக் காட்டு. சரியாக வாசித்தாரா என்று தீர்மானிப்பது வெள்ளை அதிகாரி. கறுப்பின மக்களுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடத்தையே தராத அரசு வைத்த தேர்வு இது.

அந்த மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டியிருக்கிறது ஜான்ஸ் தீவு. அங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் நகரத்துக்குத் தன் பேருந்தில் ஏற்றிச் செல்வார் ஈசா ஜென்கின்ஸ். அலிஸ் வைன் என்ற பயணி ஒருநாள், "எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஓட்டுப் போட வேண்டும்" என்ற பொருளில் அவரிடம் உதவி கேட்டார். பேருந்திலேயே பாடம் தொடங்கியது. அலிஸ் அந்தச் சட்டப் பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பித்து வாக்காளராகப் பதிந்தார். ஆனாலும் உண்மையிலேயே வாசிக்கக் கற்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

பேருந்து போதாது என்று ஜென்கின்ஸுக்குத் தெரிந்தது. டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளி கொடுத்த கடனில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. கடை இருந்ததால் வெள்ளையர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இதற்கு வழிகாட்டியவர் செப்டிமா கிளார்க். பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிலிருந்து விலக மறுத்ததால் 1956இல் அவருடைய வேலையும் ஓய்வூதியமும் பறிபோயின.

அப்படியானால் யார் பாடம் நடத்துவது? கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சனைக் கேட்டார்கள். நான் டீச்சர் இல்லையே என்று அவர் தயங்கினார். அவர் அழகு நிலையம் நடத்தியவர். வாடிக்கையாளர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள், எனவே அவரை வேலையை விட்டு நீக்க எந்த முதலாளியும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, எத்தனையோ பட்டதாரிகளைவிட அவர் பொருத்தமானவர் என்பேன்.

1957 ஜனவரி 7 அன்று 14 பெரியவர்களுடன் வகுப்பு தொடங்கியது. அவர் கொண்டுவந்த சிறுபிள்ளைப் பாடங்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. உடனே அவற்றை ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. கணக்கும் அப்படித்தான்: மளிகை விலை, பெட்ரோல் செலவு. கலப்பையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கைகள் அழுத்தியதில் பென்சில்கள் உடைந்தன. அட்டையில் எழுதிய பெயரின் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்துக் கையைப் பழக்கினார்கள். வாரத்தில் இரண்டு இரவுகள், வயல் வேலை குறைந்த மாதங்களில் மட்டும்.

இந்த 'குடியுரிமைப் பள்ளிகள்' பக்கத்துத் தீவுகளுக்கும் பரவின. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு பொறுப்பேற்றதும் தென் மாநிலங்கள் முழுவதும் போயின. உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்றுத் தங்கள் ஊரில் ஆசிரியர் ஆனார்கள். 1963 ஜூனில் அப்படியொரு பயிற்சி முடிந்து திரும்பும் வழியில்தான் ஃபேனி லூ ஹேமரை மிசிசிப்பியில் கைது செய்து சிறையில் அடித்து நொறுக்கினார்கள். எழுத்தறிவு வகுப்பு அவ்வளவு ஆபத்தானதாகத் தெரிந்திருக்கிறது!

ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. அந்தத் தேர்வு நியாயமானது என்று அவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்துகொண்டே அதை ஒழிக்கவும் போராடினார்கள். 1965இன் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களில் அதை முடக்கியது. வகுப்புகள் அதற்குப் பிறகும் நடந்தன.

1928இல் சைமன் குழு முன்பு வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார் அம்பேத்கர். அரசியலமைப்பு அதைப் படிப்பு நிபந்தனை இல்லாமல் தந்தது. ஆனால் 2015இல் ஹரியானா அரசு, பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்சப் படிப்பு வேண்டும் என்று சட்டம் போட்டது. ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தலித் பெண்களுக்குத் தகுதியைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். அப்படியும் அவர்களில் பெரும்பாலோர் போட்டியிட முடியாமல் போனது.