எழுத்துப் பிழையும் ஓர் ஊமைப் படமும்

பேசும் படம் என்னும் விநோதம் அமெரிக்காவில் தலைகாட்டிச் சில மாதங்களே ஆகியிருந்த 1928 ஜனவரியில், பாரமவுண்ட் கம்பெனியார் 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' என்ற ஊமைப் படத்தை வெளியிட்டார்கள். கனவான்கள் பொன்னிறக் கூந்தலாரையே விரும்புவர் என்பது அத்தலைப்பின் பொருள். ஹாலிவுட்டுக்கு ரயிலேறிய அனிட்டா லூஸ் அம்மையார், கருங்கூந்தலும் சிற்றுருவமுமான தாம் பெட்டியோடு மல்லாடுவதை ஏறெடுத்தும் பாராத ஆடவர்கள், பொன்னிறக் கூந்தல் நங்கை ஒருத்தி நழுவவிட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுக்க முண்டியடித்ததைக் கண்டு பொருமி எழுதியதாகப் பிற்காலத்தில் சொன்ன கதைதான், 1925-இல் நூலாகி இப்படத்துக்கு மூலமாயிற்று.

பொத்தான் வியாபாரி ஒருவரின் செலவில், அறிவை விருத்தி செய்துகொள்ளும் பொருட்டுத் தோழி டாரதியுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் லாரெலை லீ, வைரத்தின் மகிமையை மட்டும் தேர்ந்து திரும்பிச் செல்வச் சீமான் ஒருவரை மணக்கும் வரலாற்றைத் தன் நாட்குறிப்பில் பிழை மலிந்த எழுத்தில் தானே எழுதுகிறாள். பிழையான சொல்லை வாய்விட்டுப் படித்தால் பிழை மறைந்துவிடும். ஆகவே இந்த ஹாஸ்யம் காதுக்கு உரியதன்று, கண்ணுக்கே உரியது. காட்சிகளுக்கு நடுவே எழுத்தைக் காட்டிக் கதை நடத்திய ஊமைப் படமே அதற்கு உகந்த வீடு என்பது என் அபிப்பிராயம். இதே கதையை வைத்து 1953-இல் மர்லின் மன்றோ பாடி ஆடிய வண்ணப் படத்தின் சுகம் வேறு.

அந்த எழுத்து வாசகங்களை இயற்றியவர்களோ, 1916-இலேயே கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' படத்துக்கு வாசகம் எழுதிய லூஸ் அம்மையாரும், பின்னாளில் 'சிட்டிஸன் கேன்' கதையில் பங்குகொண்ட ஹெர்மன் மான்கிவிட்ஸும். இயக்கிய மால்கம் செயின்ட் கிளேரும், லாரெலையாக நடித்த ரூத் டெய்லரும் மாக் ஸெனட்டின் நகைச்சுவைக் கூடாரத்தில் பயின்றவர்கள்.

இன்று அப்படத்தின் பிரதி எதுவும் இல்லை. தீப்பற்றினால் அணையாததும், வைத்த பெட்டியிலேயே பொடிந்து போவதுமான நைட்ரேட் பிலிம் ஒருபுறம். பேச்சு வந்தபின் ஊமைப் படத்துக்கு விலையேது என்று அதை அலட்சியம் செய்த முதலாளிகள் மறுபுறம். அமெரிக்காவில் எடுத்த ஏறத்தாழ 11,000 நெடும் ஊமைப் படங்களில் 14 சதவீதமே வெளியான வடிவில் முழுமையாக எஞ்சின என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் கணக்கிட்டது.

விளம்பரத்துக்காகப் பிடித்த சில புகைப்படங்கள் தப்பின. அவற்றில் ரூத் டெய்லரின் முகம் இருக்கிறது. எழுத்து அட்டையை விளம்பரத்துக்கென்று யார் படம் பிடிப்பார்?