‘எப்பவாச்சும்தான் டாக்டர்’: ஐந்து நிமிடப் பேச்சின் வரலாறு

(எபிசோடின் ஒலிவடிவம், படிப்பதற்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

காய்ச்சலுக்கோ வயிற்று வலிக்கோ டாக்டரிடம் போகிறோம். பி.பி. பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். சீட்டு எழுதிக்கொண்டே, "ஸ்மோக், ட்ரிங்க்ஸ் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். "எப்பவாச்சும்தான் டாக்டர்" என்கிறோம். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மொத்தமே நாலு செகண்ட்தான்.

அந்த நாலு செகண்டை அஞ்சு நிமிஷமாக நீட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட அம்பது வருஷ ஆராய்ச்சி இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கதையைத்தான் பேசப்போகிறேன்.

நடுவில் இருப்பவருக்குப் பேர் இல்லை

முதலில் ஒரு மொழிப் பிரச்சினை. தமிழில் குடியைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டே ஆட்கள்தான். ஒருத்தர் குடிக்காதவர், இன்னொருத்தர் குடிகாரர். இதற்கு நடுவில் ஒருத்தர் இருக்கிறார், இல்லையா? வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், இஎம்ஐ கட்டுகிறார், தெருவில் விழுந்து கிடப்பதில்லை. ஆனால் வெள்ளி, சனி வந்தால் நிறையக் குடிக்கிறார். அவரைக் ‘குடிகாரர்’ என்று சொன்னால் கோபம் வரும், அது நியாயமும்கூட. அதனால் அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

மேற்கத்திய மருத்துவத்திலும் ரொம்ப காலம் இதே நிலைமைதான். 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தொடங்கியது. 1960-இல் ஜெல்லினெக் என்ற ஆய்வாளர், குடி அடிமைத்தனம் ஒரு நோய் என்ற கருத்தை விரிவாக அலசி ஒரு புத்தகமே எழுதினார். இதெல்லாம் பெரிய முன்னேற்றம். குடிப்பவரைப் பாவி என்று திட்டுவதை விட்டுவிட்டு நோயாளியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் அதில் ஒரு பக்கவிளைவும் இருந்தது. நோய் வந்தவருக்குத்தானே வைத்தியம்? வராதவரிடம் டாக்டருக்கு என்ன வேலை?

லண்டனில் நூறு கணவர்கள்

இந்த இடத்தில்தான் 1977-இல் வெளிவந்த ஒரு ஆய்வு முக்கியமாகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்ட் குழுவினர், குடிப் பிரச்சினையோடு வந்த திருமணமான ஆண்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரையும் முதலில் விரிவாகப் பரிசோதித்தார்கள். அப்புறம் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த முழு சிகிச்சையும் உண்டு: மருந்து, தொடர் ஆலோசனை, தேவைப்பட்டால் வார்டில் சேர்ப்பது. இன்னொரு குழுவுக்குக் கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து ஒரே ஒரு பேச்சுதான். "இதுதான் உங்கள் பிரச்சினை, குடியை நிறுத்துவதுதான் வழி, இனி பொறுப்பு உங்கள் கையில்" என்கிற மாதிரி.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழுவுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை!

இதைப் படித்தவுடன் ‘அப்போ சிகிச்சையே வேஸ்ட்’ என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த முடிவை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. இது ஒரே மருத்துவமனையில் நூறு ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு. இந்த ஆய்வு செய்த நிஜமான வேலை வேறு: ஒரு சின்னப் பேச்சுக்கே இவ்வளவு பலன் இருக்கலாம் என்றால், அதை ஏன் பிரச்சினை முற்றிய பிறகு மட்டும் பேசுகிறோம் என்று பலரையும் யோசிக்கவைத்தது.

மால்மோவின் ரத்தப் பரிசோதனை

அதே காலத்தில் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் நடுத்தர வயது ஆண்களைப் பொது உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ரத்தத்தில் ஜிஜிடி என்று ஒரு கல்லீரல் என்சைம் இருக்கிறது. அதிகமாகக் குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது ஏறும். அது ஏறியிருந்தவர்களில் ஒரு பகுதியினரை டாக்டரும் நர்ஸும் அடிக்கடி வரச்சொல்லி, என்சைம் அளவைக் காட்டிக் காட்டிக் குடியைக் குறைக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒரு கடிதம் மட்டும் போனது.

1983-இல் முடிவு வந்தது. தொடர்ந்து பேசப்பட்டவர்கள் நோய் விடுப்பு எடுத்ததும், ஆஸ்பத்திரியில் படுத்ததும் குறைவு. இறப்பும் குறைவு. இந்த ஆட்கள் யாரும் "எனக்குக் குடிப் பிரச்சினை" என்று தேடிவந்தவர்கள் கிடையாது. நான் மேலே சொன்ன பேர் இல்லாத நடு ஆட்கள் இவர்கள்தான்.

1986-இல் எடின்பரோவின் நார்மன் கிரைட்மேன் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை எடுத்துக்காட்டினார். ரொம்ப மோசமாகக் குடிப்பவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். நடுவில் இருப்பவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைவுதான்; ஆனால் கூட்டிப் பார்த்தால் குடியால் வரும் பிரச்சினைகளில் பெரும்பங்கு இந்த நடுக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது.

பத்துக் கேள்வி, ஒரு குவாட்டர்

சரி, இவர்களை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பது? உலக சுகாதார நிறுவனம் 1980-களில் இதைக் கையில் எடுத்தது. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்ஸிகோ, நார்வே, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், ஏறக்குறைய 1,900 பேரிடம் கேட்டுப் பார்த்துப் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் ‘ஆடிட்’. அந்த ஆய்வு 1993-இல் பிரசுரமானது. அதிகபட்சம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் கவனம் தேவை.

இதில் மூன்றாவது கேள்வியை மட்டும் நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம். "ஒரே அமர்வில் ஆறு ட்ரிங்க் அல்லது அதற்கு மேல் எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள்?" ஒரு ட்ரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். நம்ம ஊர் பிராந்தி, விஸ்கியில் 30 மில்லி. ஒரு குவாட்டர் 180 மில்லி. வகுத்துப் பாருங்கள்: சரியாக ஆறு. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘ஒரு குவாட்டர்’, உலகம் முழுக்க எச்சரிக்கை மணி அடிக்கும் அளவு. கட்டிங் என்றால் மூன்று ட்ரிங்க். "எப்பவாச்சும்தான்" என்ற பதிலில் காணாமல் போவது இந்தக் கணக்குதான். எத்தனை நாள் என்பது பாதிக் கேள்வி. எவ்வளவு என்பது மீதிப் பாதி.

பேசினால் குறைகிறது. ஆனால் யார் பேசுவது?

1988-இல் பிரிட்டனில் 47 கிளினிக்குகளில், அதிகமாகக் குடிக்கும் 909 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு. டாக்டர் உட்காரவைத்துப் பேசினார், என்ன குடித்தோம் என்று எழுதிவைக்க ஒரு டைரி கொடுத்தார். ஒரு வருஷத்தில் ஆண்கள் வாரத்துக்குச் சராசரியாக 18 யூனிட் குறைத்திருந்தார்கள். அங்கே ஒரு யூனிட் என்பது 8 கிராம். யாரும் பேசாத குழுவும் 8 யூனிட் குறைத்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

1996-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு. பேசப்பட்ட ஆண்கள் மற்றவர்களைவிடச் சுமார் 17 சதவீதம் குறைவாகக் குடித்தார்கள். 20 நிமிஷம் பேசியதற்கும் 5 நிமிஷம் பேசியதற்கும் பலன் ஒன்றுதான்.

மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். அப்படியென்றால் எல்லா டாக்டரும் இதைச் செய்திருக்க வேண்டுமே? செய்யவில்லை. காரணங்கள் நமக்கும் தெரிந்தவைதான். வெளியே டோக்கன் வரிசை நிற்கிறது. கேட்டால் பேஷண்ட் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். "ஆமாம், பிரச்சினைதான்" என்று அவர் ஒத்துக்கொண்டால் அடுத்து என்ன சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சில டாக்டர்களுக்குத் தன்னுடைய கிளாஸும் ஞாபகம் வரும்.

ஸ்காட்லாந்து 2008-இல் இதை அரசுத் திட்டமாகவே ஆக்கியது: மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் முறை இந்தப் பேச்சு நடக்க வேண்டும். பயிற்சி கொடுத்தார்கள், நிதி ஒதுக்கினார்கள், இலக்கையும் தாண்டினார்கள். கூச்சம் என்று நாம் நினைத்ததில் பாதி, ஏற்பாடு இல்லாததுதான்.

கசப்பான ஒரு முடிவு, கோவாவில் ஒரு பதில்

2013-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘சிப்ஸ்’ ஆய்வு கொஞ்சம் தலையில் குட்டியது. கேள்வி கேட்டு முடிவைச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும் கொடுத்த குழு, 5 நிமிஷம் பேசிய குழு, 20 நிமிஷம் பேசிய குழு. ஆறு மாதத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன அந்த 8 யூனிட் இங்கே வருகிறது. ‘எவ்வளவு குடிக்கிறீர்கள்?’ என்று ஒருத்தர் அக்கறையாகக் கேட்பதே வேலை செய்கிறதா? அல்லது அதிகமாகக் குடித்த காலத்தில் மாட்டியவர்கள் எப்படியும் குறைத்திருப்பார்களா? விவாதம் இன்னும் முடியவில்லை. பேச்சை மந்திரம் என்று விற்கவும் கூடாது.

டாக்டருக்கு நேரம் இல்லை என்ற பிரச்சினைக்கு ஒரு பதில் கோவாவிலிருந்து வந்தது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களிடம் அதே பத்துக் கேள்விகளைக் கேட்டு, 12 முதல் 19 மதிப்பெண் எடுத்த 377 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரிடம் பேசியது டாக்டர் இல்லை. மனநல மருத்துவம் படிக்காத, இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். அதிகபட்சம் நாலு அமர்வு. 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: மூன்று மாதத்தில் ஆபத்தான அளவிலிருந்து வெளியே வந்தவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 26 சதவீதம். வித்தியாசம் பத்துதான். ஆனால் நூறு வீடுகளில் பத்து வீடு என்று யோசித்தால் அது சின்ன எண் இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவ்வளவு நேரம் பேசியது நடுவில் இருப்பவர்களைப் பற்றி. தினமும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்குகிற நிலையில் இருப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு ஐந்து நிமிஷப் பேச்சு போதாது. மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

மற்றபடி இந்த அம்பது வருஷக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ‘நீ குடிகாரனா?’ என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ‘போன சனிக்கிழமை எவ்வளவு?’ என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முதல் கேள்வி ஆளை எடைபோடுகிறது. இரண்டாவது கேள்வி கிளாஸை அளக்கிறது. டாக்டர் கேட்கவில்லை என்றால் நாமே சொல்லலாம், மில்லி கணக்கோடு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.