பெட்டியும் படியும்: கொலுப் பொம்மைகளைக் காத்த முறையின் வரலாறு

மண்ணால் வனையப்படும் உருவங்களுக்குத் தமிழ்நாட்டு வழக்கம் மூன்று வேறு முடிவுகளை வகுத்து வைத்திருக்கிறது. அய்யனாருக்கு நேர்த்திக்கடனாகச் செய்யப்படும் மண்குதிரை, புரவி எடுப்பு என்னும் விழாவில் மண்ணுரு வனையும் குயவரான வேளார் வீட்டிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டுக் கோயில் திடலில் நிறுத்தப்பட்ட பின், வெயிலும் மழையும் அதைச் சிதைப்பதை எவரும் தடுப்பதில்லை. சதுர்த்திப் பிள்ளையார் சில நாட்களிலேயே நீரில் கரைக்கப்படுகிறார். நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் பொம்மை மட்டுமே ஆண்டுக்கு ஒன்பது நாள் வெளியில் இருந்து, எஞ்சிய நாளெல்லாம் இருட்டில் கிடந்து, பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்ச் சேர வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது. ஆகவே கொலுவின் வரலாற்றைப் பொம்மை செய்தவர்களைக் கொண்டும் வழிபட்டவர்களைக் கொண்டும் மட்டும் எழுதுவது போதாது. பொம்மையைப் பொதிந்து, அடுக்கி, பரணேற்றிய கைகளின் வரலாறும் அதில் சேர வேண்டும்.

கொலு என்னும் சொல் அரசவையைக் குறிப்பது. அரசன் அவையில் வீற்றிருப்பதைக் கொலுவிருத்தல் என்றும், வீற்றிருக்கும் இடத்தைக் கொலுமண்டபம் என்றும் வழங்கினர். தெலுங்கில் இதே சொல் கொலுவு எனப்படுகிறது. விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலத்தில், 1520-ஐ ஒட்டி அங்குச் சென்ற போர்த்துகீசியரான தொமிங்கோ பயஸ், மகாநவமியின் ஒன்பது நாள் விழாவை விரிவாக எழுதி வைத்துள்ளார். அவ்விழாவோடு தொடர்புடைய அடுக்குமேடை இன்றும் ஹம்பியில் நிற்கிறது. அவ்வரசின் சார்பில் மதுரையை ஆண்ட நாயக்கர்கள் தங்கள் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்தபோது, கம்பம் பள்ளத்தாக்கில் போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை முதலான பாளையங்கள் அமைந்தன. அரசவையின் பெயரே பின்னர் வீட்டுக்குள் நுழைந்து, தெய்வங்கள் மேலேயும் மனிதர்களும் விலங்குகளும் கீழேயுமாக 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்ணில் அமைந்த பொம்மைப் படிகளுக்கு ஆகிவந்தது.

அந்தப் படிகள் எதனால் ஆனவை என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை. பொம்மைகள் உறங்கிய பெட்டிகளே, அவை எழுந்து வெளியே வந்ததும், கவிழ்த்து வைக்கப்பட்டுப் படிகளாயின. முன்வரிசைக்கு ஒரு பெட்டி, அதன் பின்னே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, அதற்கும் பின்னே மூன்று என்று அடுக்கி, மேலே பலகை பாவி, வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் கொலுமேடை எழுந்துவிடும். விழா முடிந்ததும் மேடையே களஞ்சியமாக மாறிப் பொம்மைகளைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். காட்சிக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று என்று இரு வேறு சாதனங்கள் தேவைப்படாத இந்த ஏற்பாடு, இடம் குறைந்த வீடுகளின் நிர்ப்பந்தத்தில் பிறந்ததே ஆயினும், மிகச் சிறந்த வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை.

படிகள் ஒழுங்காக அமைய வேண்டுமெனில் பெட்டிகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். அந்த ஒரே அளவைத் தந்தது கடல்வழி வணிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த மண்ணெண்ணெய், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் இரண்டு தகர டின்களை ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி அனுப்பப்பட்டது. 1892-இல் மியூரெக்ஸ் என்னும் கப்பல் ருஷ்ய மண்ணெண்ணெயைத் தொட்டிகளில் மொத்தமாக நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியே கீழைநாடுகளுக்கு வந்த பிறகு மரப்பெட்டியின் தேவை மெல்லக் குறைந்தது. சதுர டின் மட்டும் நிலைத்தது. இவ்வாறு சரக்கோடு வந்து, சரக்கு இறங்கியதும் மலிவாகக் கைமாறிய மென்மரப் பெட்டியே கள்ளிப்பெட்டி எனப்பட்டது. அதுவும், மண்ணெண்ணெய் டின்னும், பூட்டுப் போட்ட தகர டிரங்குப் பெட்டியும் கொலுப்படியின் மூன்று செங்கற்கள் எனலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இவற்றோடு நான்காவதாக ஒரு பெட்டியும் வாய்த்தது. போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரம் இன்று நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகம் அறிந்த பெயராகிவிட்டது. அவ்வூருக்கு மேற்கே எழும் மலைத்தொடர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தேயிலையின் வழியாக உலகோடு பிணைக்கப்பட்டிருந்தது. மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலை, 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் குறும்பாதை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கயிற்றுப்பாதையில், அதாவது கம்பிவடத்தில் தொங்கியபடி, கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகம் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. 1928-இல் மதுரையிலிருந்து போடி வரை ரயில் வந்தது. இத்தேயிலை வணிகத்தின் கொள்கலன், ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உட்புறம் உலோகத் தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டி. மலை ஈரம் தேயிலையைத் தொடாதபடி ஒட்டப்பட்ட அதே தாள், பொம்மையின் சாயத்தையும் ஈரத்திலிருந்து காக்க வல்லது. சரக்கு இறங்கும் வழியில் பெட்டியும் வீட்டுப் புழக்கத்துக்கு இறங்குவது இயல்பே. தேயிலைப் பெட்டி போகாத நாடில்லை; இங்கிலாந்தில் வீடு மாற்றுவோர்க்குக்கூட நெடுங்காலம் அதுவே சாமான் பெட்டியாக உழைத்தது.

பெட்டிக்குள் பொம்மையை அடுக்குவதற்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருந்தது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையை மட்டும் படியில் படுக்க வைப்பது கொலு நிறைவுற்றதன் அடையாளம். மறுநாள் பொதிதல் தொடங்கும். விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ செய்யப்பட்ட மண்பொம்மைகள் கனமானவை என்பதால் அடியிலும், காகிதக்கூழ்ப் பொம்மைகள் இலேசானவை என்பதால் மேலேயும் வைக்கப்பட்டன. நீட்டிய கை, தூக்கிய துதிக்கை, குழல் பிடித்த விரல் ஆகியவை முதலில் உடைவன. அவற்றுக்குத் தனியே பஞ்சோ கிழிந்த பழைய வேட்டித் துணியோ சுற்றி, அதன் பிறகே முழு உருவமும் பொதியப்பட்டது. புதுத்துணியைவிடப் பழந்துணியே விரும்பப்பட்டதற்குக் காரணம், பலமுறை துவைத்ததில் அதன் கஞ்சி போய் மென்மையாகியிருப்பதும், கஞ்சியைத் தேடி வரும் பூச்சிக்கு அதில் உணவில்லாமற் போவதுமாகும். இடைவெளிகளை வைக்கோலும் உமியும் நிரப்பின. வேப்பிலை, வசம்பு, பிற்காலத்தில் பாச்சை உருண்டை ஆகியவை பூச்சிக்குக் காவல் நின்றன. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிக்கு இவ்வளவு பாதுகாப்பு வேண்டியதில்லை. அது தன் வைரத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும்.

பருவத்தையும் இங்குக் கருத வேண்டும். நவராத்திரி முடியும் நாட்களை அடுத்தே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஈரக்காற்று வீசும் வேளையில்தான் பெட்டிகள் மூடப்பட வேண்டியிருக்கிறது. எனவே பெட்டியையும் துணியையும் வெயிலில் காயவைத்து எடுப்பது சடங்கைப் போலவே கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. அடுப்புப் புகை எட்டும் பரண்கள் இருந்த வீடுகளில் அந்த வெம்மையும் ஈரத்தைப் போக்கியது. இன்று காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இறுக்கமாக மூடுவோர், உள்ளே சிறைப்பட்ட ஈரமே சாயத்தைப் பெயர்ப்பதைக் காண்கின்றனர்; பழைய துணி செய்த வேலையைப் பிளாஸ்டிக் செய்வதில்லை.

கொலுவின் பக்கவாட்டில் சிறுவர்கள் அமைக்கும் பூங்காவே தமிழ் வீட்டின் உண்மையான மாதிரிக்கட்டுமானக் கலை. செம்மண்ணையும் மணலையும் பரப்பி, கேழ்வரகையோ கடுகையோ நான்கைந்து நாள் முன்பே விதைத்து வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, கசக்கிய பழுப்புத் தாளால் மலை எழுப்பி, சாயமேற்றிய மரத்தூளால் புல்வெளி விரித்து, அதனூடே பொம்மை ரயிலை ஓடவிடும் இக்கலைக்கும் தனிச் சேமிப்பு முறை இருந்தது. மணலும் மண்ணும் திரும்ப மண்ணுக்கே போய்விடும். மரத்தூள் நிறம் பிரித்துப் பொட்டலம் கட்டப்படும். விரலளவு மாடும் ஆடும் தீப்பெட்டியில் பஞ்சு மெத்தையிட்டும், வேலியும் விளக்குக்கம்பமும் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியிலும் அடங்கும். எதைக் காப்பது, எதைத் துறப்பது என்ற இந்தத் தெரிவைச் சிறுவர்களிடமே பெரியவர்கள் விட்டது குறிப்பிடத்தக்கது.

ஜப்பானில் மார்ச் 3 அன்று சிறுமிகளுக்காகக் கொண்டாடப்படும் ஹினா பொம்மைத் திருநாளிலும் அரசவையே சிவப்புத் துணி விரித்த படிகளில் கொலுவிருக்கிறது. விழா முடிந்தும் பொம்மைகளை எடுத்து வைக்கத் தாமதித்தால் மகளின் திருமணம் தள்ளிப்போகும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஈரத்தைத் தடுக்கும் கிரி என்னும் இலேசான மரத்தால் அவர்கள் பெட்டி செய்தனர். எடுத்து வைத்தலையும் விழாவின் ஓர் உறுப்பாக்கியதில் இரு நாட்டு வழக்கமும் ஒன்றுபடுகின்றன.

தமிழ் வீடுகளில் பெட்டியே படியாக அமைந்த ஏற்பாட்டைக் குலைத்ததும் ஒரு சேமிப்புச் சாதனமே. லண்டனில் அச்சகம் நடத்திய திமெத்ரியஸ் கோமினோ, தம் அச்சகத்துக்கு வேண்டிய அடுக்குகளை விரும்பியபடி மாற்றிக்கொள்வதற்காக, வரிசையாகத் துளையிட்ட எல் வடிவ இரும்புச் சட்டத்தை உருவாக்கினார். 1947-இல் அது டெக்சியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கிடங்குகளுக்கென்று பிறந்த அதே ஆங்கிள் சட்டம், நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கும் கொலு ஸ்டாண்டாகத் தமிழ் வீடுகளுக்குள் வந்ததும், பெட்டி படியாக இருக்க வேண்டிய அவசியம் நீங்கியது. கள்ளிப்பெட்டி விறகாயிற்று, அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் அதன் இடத்தைப் பிடித்தன. கொலு உயரமாகவும் ஒழுங்காகவும் ஆனது உண்மையே. ஆனால் அட்டைப்பெட்டி ஐந்தாறு ஆண்டுகளில் நைந்துவிடுகிறது, கள்ளிப்பெட்டியோ இரண்டு தலைமுறை உழைத்தது.

பழைய பெட்டிகளோடு அழிந்துவருவது மரம் மட்டுமன்று. தசாவதாரத்தின் பத்து உருவங்களும் பிரிந்துவிடாதிருக்கச் சுண்ணக்கட்டியால் இட்ட எண்களும், எந்தப் பெட்டியில் எது உள்ளது என்று மூடியின் உட்புறம் ஒட்டிய பட்டியல்களும், பொம்மையைச் சுற்றிய செய்தித்தாளில் தங்கிவிட்ட தேதியும் ஒரு குடும்பத்தின் பொருட்பண்பாட்டைக் காட்டும் நேரடிச் சான்றுகள். பரணில் இத்தகைய பெட்டி இருக்கும் வீட்டார், அதைப் பழைய சாமான்காரருக்குப் போடும் முன், மூடியின் உட்புறத்தை ஒருமுறை படமெடுத்து வைக்க வேண்டும்.