ஆறு மணிக்கு வந்த ஜப்பான் பிள்ளை

மலர் என்றால் எல்லோரும் பேராசிரியர்களைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு கார்ட்டூன் பையனைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் சிரிக்க வேண்டாம், இதுவும் சரித்திரம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கார்ட்டூன் என்றால் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன். 'டக் டேல்ஸ்' இந்தியில் வரும். தேங்காய்த்திட்டில் யாருக்கய்யா இந்தி தெரியும்? ஆனாலும் கிழட்டு வாத்து காசுக் குவியலில் குதித்து நீந்தினால் வீடே சிரிக்கும். 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. பகலில் கார்ட்டூன், இரவானால் அதே சேனலில் பழைய ஹாலிவுட் படம். பிள்ளைக்கு எது, பெரியவருக்கு எது என்று கடிகாரமே பிரித்துக் கொடுத்தது. 2001-ல் அது 24 மணி நேரச் சேனல் ஆனதும் அந்த வேலி போயிற்று.

2006-ல் ஹங்காமா டி.வி.யில் 'ஷின்சான்' வந்து சேர்ந்தான், தமிழ் பேசிக்கொண்டு! வயது ஐந்து, வாய் ஐம்பது. யொஷிட்டோ உசுய் இந்தக் கதையை 1990-ல் தொடங்கியது பெரியவர்கள் படிக்கும் படக்கதைப் பத்திரிகையில். பெற்றவர்கள் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொள்ள எழுதியது. 1992-ல் டி.வி.க்கு வந்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி என்று ஜப்பானியப் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கணக்கெடுப்பில் பலமுறை பெயர் வாங்கியது.

பிள்ளைகளுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக்கூடாது என்கிறது நம் 1994 கேபிள் விதி. நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் சேனலில் எந்த நேரத்துக்குத் தள்ளுவது? கத்தரிக்கோல் ஒன்றுதான் மிச்சம். இங்கிலாந்திலும் இதே பாடுதான். அமெரிக்காவில் இரவு எட்டு மணிக்கு வந்த 'சிம்ப்சன்ஸ்' அங்கே மாலை ஆறுக்கு வந்ததால் வசனமும் காட்சியும் வெட்டுப்பட்டன.

இங்கே பெற்றோர் புகார் எழுந்து, 2008-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஷின்சானைத் தடை செய்தது. 2009-ல் வெட்டுகளோடு திரும்பி வந்தான். கார்ட்டூனில் வரும் அப்பாவின் பீரை மறைக்கலாம், சரி. பள்ளியிலிருந்து வீடு வரும் வழியில் நம் புதுச்சேரிப் பிள்ளைகள் தாண்டுகிற மதுக்கடைப் பலகைகளை யார் மறைப்பது?

அப்போது என் மகனுக்கு எட்டு வயது. நானும் மனைவியும் வேலை விட்டு வர ஏழாகிவிடும். அதுவரை அவனுக்குத் துணை என் அம்மாவும் அந்த டி.வி.யும். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தையிடம், "ஏன் அத்தை இவ்ளோ குண்டா இருக்கீங்க?" என்று ஷின்சான் குரலிலேயே கேட்டுவிட்டான். எனக்குத் தலை நிமிரவில்லை. தடை வந்தபோது, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. பையன்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபடி வந்த முதல் வாரம். பழைய கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "ப்பா, இங்க ஒரு டான்ஸ் இருக்கும், காணோம்" என்றான். சொல்லிவிட்டு, வெட்டுப்பட்ட அந்த ஆட்டத்தை முழுசாக, டவுசரை இறக்கி, கூடத்தில் ஆடிக் காட்டினான். திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.